பெட்டியின்மேல் ஒரு காசு

சனிக்கிழமை என்று ஒரு நாள் இருந்தது. அந்த நாளுக்கென்று ஒரு பெட்டி இருந்தது, அந்தப் பெட்டியின் விலாவிலே காசு தின்கிற ஒரு வாய் இருந்தது. லண்டனில் ஈஸ்ற்ஹாம் பக்கத்தில் ஒரு தமிழன் இன்னொரு தமிழனைக் கண்டால் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்து கையைப் பிடித்த காலம் அது. ரீவியை வாடகைக்குத்தான் எடுப்பார்கள். ஏழு மூலை உள்ள பெரிய ஐம்பது பென்ஸ் காசை அந்த வாய்க்குள் போட்டால் படம் ஓடும், தின்ற காசு செமித்ததும், மல்யுத்தக்காரன் ஓங்கின கை ஓங்கினபடி நிற்க, பெட்டி சொல்லாமல் கொள்ளாமல் இருண்டுபோகும், "ஆரிட்டையாவது காசு இருக்கோ?" என்று ஒரு குரல் எழும்பும், சேர்ட்டுப் பைகளும் கைப்பைகளும் இருட்டிலே குலுங்கும். அந்தப் பெட்டி இருந்தது தவமலரின் தகப்பன் வீட்டில். அந்த வட்டாரத்துத் தமிழருக்கு அது ஒன்றுதான் பெட்டி என்றபடியால், சனிக்கிழமை பின்னேரமானால் ஈரக் கோட்டும் மீன் கட்லெற்றும் உருளைக்கிழங்குப் பொரியல் பைகளுமாகச் சனம் வந்து அந்தச் சின்ன அறைக்குள் நெருங்கிக் குந்தும்.

அந்த வீட்டுக்கு வந்துபோன குடும்பங்களுக்குள் இன்றைக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. ரீவியின்மேல் ஒரு பெரிய காசு வைத்திருக்க வேண்டும். இப்போதைய ரீவிகள் கடதாசிபோல் மெலிந்து சுவரில் தொங்குகின்றன, மேல் என்று சொல்ல அவற்றுக்கு ஒன்றும் இல்லை. ஆகவே காசைக் கீழே சுவரில் ரேப் போட்டு ஒட்டுகிறார்கள். காசும் நடுவிலே சிறுத்துப்போனது, பழைய பெரிய காசைக் கடையில் நீட்டினால் திருப்பித் தந்துவிடுவார்கள், என்றாலும் இந்த வீடுகளில் அந்தப் பெரிய காசுதான். கலியாண வீட்டில் தாலி கட்டி முடிந்ததும் தவமலரை மணவறைக்குக் கூப்பிட்டு, மஞ்சள் பூசித் தட்டத்தில் வைத்த ஒரு காசை அவள் கையால் பொம்பிளை மாப்பிள்ளைக்குக் கொடுப்பிப்பார்கள். இளசுகள் அது லட்சுமி என்று நினைக்கிறார்கள். பழசுகளுக்குத் தெரியும், அது யோகன்.

யோகன் தவமலரின் தமையன். பதினேழு வயது, தோளைத் தொடுகிற தலைமயிர், மழையிலும் கழற்றாத ஒரு நீலக் கோட்டு. எழுபத்தொன்பதாம் ஆண்டு கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, சிரிப்பு நிகழ்ச்சி ஓடுகிற நடுவிலே பெட்டி இருண்டது, வீட்டில் ஒரு காசும் இல்லை, ஓடிப்போய் மூலைக்கடையில் நோட்டை மாற்றிக்கொண்டு வா என்று தகப்பன் அனுப்பினார், ரயில் பாலத்தடியில் நாலைந்து வெள்ளைப் பெடியள் நின்றார்கள், யோகன் உயிரோடு திரும்பி வரவில்லை. இப்படித்தான் தகப்பன் பொலிஸுக்குச் சொன்னார், இப்படித்தான் என்று அறையில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள், இப்படித்தான் பதினொரு வயதுத் தவமலர் கேட்டுக் கேட்டு வளர்ந்தாள். பாலத்தடியில் குடியிருந்த ஒரு மனுசி, அந்தப் பெடியள் யாரையோபோலப் பேசி நெளித்துக்காட்டுகிற பகிடிக் குரலிலே கத்தினார்கள் என்று சொன்னாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. தாய் அன்று தொட்டு ஐம்பது பென்ஸ் காசுகளைக் கோப்பிப் போத்தலுக்குள் சேர்க்கத் தொடங்கினாள். அவை செல்லாக் காசான பிறகும் வங்கிக்குக் கொண்டுபோக மறுத்தாள். போத்தலைத் தலைமாட்டில் வைத்தபடியே கண்ணை மூடினாள். "அண்டைக்கு ஒரு காசு இருந்திருந்தால்" என்பது அந்த வீட்டில் தேவாரம்போலச் சொல்லப்பட்டது. தகப்பன் பெட்டியைக் கொம்பனிக்காரரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. விலை பேசி வாங்கி, பின்வளவுக் கொட்டிலுக்குள் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துப் பூட்டினார்.

போன வருடம் தகப்பனும் போய்ச் சேர்ந்தார். வீட்டை விற்பதற்காகத் தவமலர் கொட்டிலைத் திறந்தாள், பெட்டி அங்கே தண்டனை கிடைத்த பிள்ளைபோலச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. மீன்கடைக் கிருபா அதைக் கண்டுவிட்டான். கிருபா தொண்ணூறுகளில் வந்தவன், இந்தக் கதை ஒன்றும் தெரியாதவன்.

"அக்கா, இதை எறியப் போறியளோ? தாங்கோ, கடையிலை வைக்கிறன். பழசுக்கு இப்ப நல்ல மவுசு."

மீன் வைக்கிற குளிர்ப்பெட்டியின்மேல் தூக்கி வைத்தான். வயரை எலி தின்றிருந்தது, செருகும் முனை இல்லை. வந்த முதற் சனிக்கிழமை பின்னேரம், ஒரு மனுசி கணவாய்க்கு விலை பேசிக்கொண்டு நிற்க, ரீவிப் பெட்டி மெல்ல நீல வெளிச்சமாக எரிந்தது.

கிருபா பயப்படவில்லை. மீன் பெட்டியின் கரண்டை அது இழுக்கிறதோ என்றுதான் முதலில் பார்த்தான். இழுக்கவில்லை என்று கண்டதும் கணவாயை நிறுத்துப் போட்டான். பிறகு தவமலருக்குப் போன் அடித்தான். "அக்கா, உங்கட பெட்டிக்குள்ளை கொஞ்சச் சனம் இருக்குது. வந்து ஆக்கள் ஆரெண்டு பாருங்கோவன்."

பெட்டியில் தெரிந்தது நிகழ்ச்சி அல்ல. அறை தெரிந்தது. அந்தக் காலத்தில் பெட்டி எந்த அறையைப் பார்த்துக்கொண்டு இருந்ததோ அந்த அறை, அந்தப் பூப்போட்ட சுவர்க்கடதாசி, அந்தக் காஸ் அடுப்பு, அதன் முன்னால் குந்தியிருந்த சனம், அவர்கள் முகத்திலே ஆடுகிற நீல வெளிச்சம். நிகழ்ச்சி சத்தமாக மட்டும் வந்தது, மல்யுத்த மணி கேட்டது, கால்பந்து முடிவுகளை ஒரே சுருதியில் வாசிக்கிற குரல் கேட்டது. எத்தனையோ சனிக்கிழமை நாங்கள் அதைப் பார்த்தோம் என்று நினைத்திருக்க, அது எங்களைப் பார்த்து வைத்திருந்திருக்கிறது என்று சனம் சொல்லிக்கொண்டது, அதற்குமேல் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் பெட்டி வந்த முதற் சனிக்கிழமையில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு சனிக்கிழமையாக அது காட்டிக்கொண்டு போனது.

செய்தி பரவ எத்தனை நேரம். அடுத்த சனிக்கிழமை கடைக்குள் நிற்க இடமில்லை. ஹரோவிலிருந்தும் ரூற்றிங்கிலிருந்தும் வந்தார்கள், ஊன்றுகோலோடு வந்தார்கள், பேரப்பிள்ளைகளின் காரில் வந்தார்கள். கிருபா அரிசி மூட்டைகளை வரிசையாக அடுக்கி இருக்கை ஆக்கினான். ஐயர் வந்து பெட்டிக்குச் சந்தனம் பூசினார், முகத்தில் பூசினால் படம் மறையும் என்று சொல்லி முதுகில் பூசுவித்தார்கள். ரீவி வைத்திருக்கிறவர்களிடம் லைசென்ஸ் பார்க்கிற வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். வயர் இல்லை, அன்ரனா இல்லை, எரிகிற பெட்டிக்கு எந்தச் சட்டத்தில் லைசென்ஸ் கேட்பது என்று யோசித்து யோசித்து அரிசி மூட்டையில் இருந்தவர், மல்யுத்த மணி கேட்டதும் தன் தகப்பன் ஞாபகம் வந்து மூக்கைச் சிந்தினார், இரண்டு றோல்ஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார், பிறகு வரவில்லை.

பொன்னுத்துரை மாமாதான் முன்வரிசை. அந்தக் காலத்தில் தவமலரின் தகப்பனோடு ஒரே தபால் நிலையத்தில் வேலை செய்தவர், ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்தவர். பெட்டிக்குள் வாயகன்ற கால்சட்டையோடும் காதை மூடின கிருதாவோடும் ஒரு வாலிபன் கட்லெற்றை இரண்டு கையாலும் எடுத்துத் தின்பதைக் கண்டு கேட்டார்:

"உவர் ஆர் உவர், பஞ்சத்திலை வந்த மாதிரி அள்ளுறார்?"

"மாமா, அது நீங்கள்தான்."

"விசர்க் கதை கதையாதை. எனக்கு உவ்வளவு தலைமயிர் எப்ப இருந்தது?"

கடை முழுக்கச் சிரித்தது. கட்லெற் தின்னவே மாட்டேன் என்று ஐம்பது வருடம் மனிசிக்குச் சொல்லிவந்தவர் அவர்.

ஒவ்வொரு இசை தொடங்கும்போதும் இது இன்ன நிகழ்ச்சி, இது இன்ன பொலிஸ் படம், இது வியாழக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சியில் வந்த பாட்டு என்று அந்தக் காலத்துப் பிள்ளைகள், இப்போது தலை நரைத்தவர்கள், அடித்துப்பிடித்துச் சொன்னார்கள். உப்பு நீலக் கடதாசியில் தனியாகச் சுற்றி வந்த பொரியல் பை, வெறும் போத்தலைக் கொடுத்தால் சில்லறை தருகிற சிவப்புச் சோடா, பேப்பரில் சுற்றி வினாகிரி ஊற்றின சிப்ஸ், உயரக் குதிச் சப்பாத்து, எல்லாம் பொற்காலம், அப்படி ஒரு காலம் இனி வராது என்று கண் கலங்கினார்கள். பஸ்ஸின் மேல்தட்டில் முகத்தில் துப்பல் வாங்கினவர்களும் அந்த பஸ்ஸின் சிவப்பைப் பற்றித்தான் கதைத்தார்கள். கதவில் கடிதம் போடுகிற துவாரத்தால் மலம் போடப்பட்ட வீட்டுக்காரர், அந்தக் கதவில் பால்காரன் பாட்டுப் பாடிக்கொண்டு போத்தல் வைத்ததைச் சொன்னார்.

தவமலர் ஒரு வாரமும் தவறவில்லை. அவள் வந்தது பாட்டுக்காக அல்ல. அந்தக் காலத்தில் யோகனுக்கு ஒரு வேலை இருந்தது: பிடித்த பாட்டு பெட்டியில் வந்தால், கசெற் றெக்கோடரைத் தூக்கிக்கொண்டுபோய் பெட்டியின் முகத்தருகே பிடிப்பான். "ஒருத்தரும் இருமக் கூடாது!" என்று உத்தரவு போடுவான். பாட்டு முடியும்வரை அறையே மூச்சடக்கி இருக்கும். அப்படி அவன் பிடிக்கும்போது அவன் முகம் பெட்டிக்கு அருகே, மிக அருகே வந்து, கண்ணாடி முழுக்க அவனாகவே நிறையும். மீசை அரும்பின மேலுதடு, புருவத்துக்கு நடுவே ஒரு பரு, பாட்டுக்குச் சத்தமில்லாமல் அசைகிற வாய். தவமலர் மீன் பெட்டியோடு ஒட்டி நின்று, குளிர் வயிற்றில் ஏற ஏற, அந்தப் பாட்டு முடிகிறவரை மூச்சு விடாமல் பார்ப்பாள். கடையில் யாராவது இருமினால் இப்போதும் அவளுக்குக் கோபம் வரும்.

சிரிப்பு நிகழ்ச்சியும் வரும். முகத்துக்கு மண்ணிறம் பூசி, தலையில் படுக்கை விரிப்பைச் சுற்றி, எங்களைப்போலப் பேசிக்காட்டுகிற ஒரு வெள்ளைக்காரப் பகிடிக்காரன் அப்போது எல்லாருக்கும் பிரியமானவன். நாக்கை உருட்டி, தலையை ஆட்டி, "ஓ டியர் டியர்" என்று அவன் தொடங்கினாலே அறை விழுந்து விழுந்து சிரிக்கும். தகப்பன் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். அவர்கள் சிரிப்பதைப் பார்த்துக் கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள், சிரித்த முகத்தையே அதே முகம் பார்த்துச் சிரித்தது. அந்தக் குரல் கேட்கிற நேரத்தில் மட்டும் யோகன் பின்னால் பலகை வாங்கில் இருந்து குனிந்து சப்பாத்து நூலை அவிழ்ப்பான், கட்டுவான், பிறகும் அவிழ்ப்பான். தவமலர் அதைக் கண்டாள். விளங்கிக்கொள்ளவில்லை.

வாரங்கள் போகப்போக, பெட்டி எந்தச் சனிக்கிழமையை நோக்கிப் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. காஸ் அடுப்பு எரியத் தொடங்கியது, தாய் கம்பளிச் சட்டை போட்டாள், யோகனின் மீசை கொஞ்சம் தடித்தது. தவமலர் தாயின் கோப்பிப் போத்தலைத் திறந்து ஒரு காசை எடுத்தாள்.

"அக்கா," என்றான் கிருபா, "இஞ்சை போட்டால் அங்கை விழுமோ?"

"வயர் இல்லாமல் எரியிற பெட்டி, காசுக்கு மட்டும் நியாயம் கேக்குமோ? நான் விலாப் பக்கம் நிப்பன். வெளிச்சம் மங்கினவுடனை போட்டுவிடுவன். பெட்டி இருளாது. பெட்டி இருளாட்டி அண்ணா எழும்ப மாட்டான்."

அதைச் சொல்லும்போது அவள் பதினொரு வயதுப் பிள்ளைபோலச் சிரித்தாள். கடையில் இருந்தவர்களுக்கும் அது சரி என்றே பட்டது. நடக்காதது ஒன்று நடந்துவிட்ட இடத்தில், இன்னொன்று நடக்கக் கூடாதா? ஒருத்தி அவன் வந்தால் தங்க இடம் வேண்டும் என்று மேல் அறையை ஒதுக்கி, புதுப் படுக்கை விரிப்புக்கூட வாங்கிவிட்டாள். பொன்னுத்துரை மாமா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லுறன். அந்தச் சனிக்கிழமை வேண்டாம். பெட்டிக்கு ஒரு துணியைப் போட்டு மூடுவம்."

"ஏன் மாமா?"

"கண்டு என்ன செய்யப் போறாய்? போனவன் போனவன்தானே."

"நான் காணப் போகேல்லை மாமா. மறிக்கப் போறன்."

அவர் கட்லெற்றையும் தொடாமல் எழும்பிப் போனார்.

அந்தச் சனிக்கிழமை கடைக்கு வெளியேயும் சனம், மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு. தவமலர் குளித்துத் திருநீறு பூசி வந்தாள். பெட்டியின் விலாவில் சாய்ந்து நின்று, கையிலிருந்த காசை அந்த வாயருகே வைத்தபடி, கழுத்தை நீட்டிக் கண்ணாடியைப் பார்த்தாள். பொன்னுத்துரை மாமாவும் வந்தார், எங்கே போவார், கதவடியில் நின்றார். பெட்டி எரிந்தது, அறை தெரிந்தது. எல்லாரும் இருந்தார்கள். கால்பந்து முடிவு போனது, பாட்டு ஒன்று போனது. அன்றைக்கு யோகன் றெக்கோடரைத் தூக்கவில்லை, அவன் உதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. பிறகு சிரிப்பு நிகழ்ச்சியின் இசை வந்தது, பகிடிக்காரன் தொடங்கினான், அறை சிரித்தது. தவமலர் வெளிச்சத்தையே பார்த்தாள். வெளிச்சம் துடித்தது. இப்போது, இப்போது என்று அவள் காசை வாய்க்குள் பாதி நுழைத்தாள்.

அப்போது தாய் எழும்பினாள். சேலைக் கரையைச் செருகிக்கொண்டு பெட்டியடிக்கு வந்தாள், அவளுடைய கம்பளிச் சட்டை கண்ணாடியை மூடியது, காசு ஒன்று விழுகிற சத்தம் கணீரென்று கேட்டது. தாய் திரும்பிப் போய் இருந்தாள். வெளிச்சம் மங்கவில்லை. தாயின் மடியிலே, அந்த நீல வெளிச்சத்தில் ஏழு மூலையும் மின்ன, இன்னும் காசுகள் இருந்தன.

பகிடிக்காரன் நாக்கை உருட்டினான். முன்னால் குந்தியிருந்த ஒரு சின்னப் பெட்டை எழும்பி, நெற்றியில் விரலால் பொட்டு வைத்துத் தலையை ஆட்டி, அதே குரலில் அதே சொல்லைச் சொல்லிக் காட்டினாள். தவமலர்தான். அறை வெடித்துச் சிரித்தது. பொன்னுத்துரை தொடையில் அடித்துச் சிரித்தார். "இன்னொருக்காச் சொல்லு பிள்ளை, இன்னொருக்கா!" என்றார் தகப்பன்.

யோகன் எழும்பி நீலக் கோட்டை எடுத்தான்.

"இரடா, எங்கை போறாய்? நல்ல கட்டம் இனித்தான் வருது."

"நீங்கள் சனிக்கிழமை சிரியுங்கோ அப்பா," என்றான் யோகன். வீங்கின வாயால் சொன்னதில் சொல் கொஞ்சம் குழறியது, என்றாலும் கடையில் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது. "திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலை அதுக்கு அடி வாங்கிறது நான்."

கதவு சாத்துப்பட்டது. அறையில் ஒருவரும் எழும்பவில்லை. தகப்பன் ஒருமுறை கதவைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார். பகிடிக்காரன் அடுத்த பகிடியைச் சொன்னான். கொஞ்சம் தாமதித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அறை சிரித்தது. பெட்டி இருளவேயில்லை. பால் வெளிச்சம்போல, கடைசிவரை நன்றாக எரிந்தது.

கடைக்குள் தவமலர் காசைப் பெட்டியின் வாயிலிருந்து பின்னுக்கு இழுத்தாள்.

"காசு இருந்தது மாமா."

பொன்னுத்துரை மாமா கதவைப் பிடித்தார். "பொலிஸ்காரன் கேட்டான், பெடியன் ஏன் வெளியாலை வந்தவனெண்டு. கொப்பர் என்னத்தைச் சொல்லுறது? உந்தச் சிரிப்பைச் சொல்லுறதோ? காசு முடிஞ்சு பெட்டி லைற் நிண்டது எண்டார். நாங்களும் ஓமெண்டம். பிறகு சொல்லிச் சொல்லி, லைற் நிண்ட மாதிரியே எனக்கும் ஞாபகம் வந்திட்டுது."

"அம்மாவோ?"

"கொம்மா பாவம். பொய்யும் ஓடுறதுக்கு ஏதாவது போடவேணுமே, காசைப் போத்தலுக்குள்ளை போட்டு வைச்சா."

"ஏன் மாமா சிரிச்சனீங்கள்?"

"சிரிக்காட்டி அந்தப் பகிடிக்காரன் காட்டுற ஆள் நாங்கள்தான் எண்டு ஆகிடுமே பிள்ளை. சிரிச்சால் வெள்ளைக்காரங்களோடை சேந்து இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு."

சனம் அதற்குமேல் நிற்கவில்லை. மழை கூடுகிறது என்றார்கள், கார் நிறுத்தின இடத்துக்கு நேரம் முடிகிறது என்றார்கள். அடுத்த சனிக்கிழமை பெட்டி எரிந்தது. தெரிந்தது ஒரு பலகைச் சுவர், கொட்டிலின் சுவர், நரைத்து ஈரம் ஊறி, ஒரு சிலந்தி நடந்து போனது. இனி அதுதான் என்று விளங்கியதும் கிருபா நெத்தலிக் கருவாட்டுப் பெட்டிகளை அதன் முன்னால் அடுக்கினான். சனிக்கிழமைகளில் கருவாட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நீலம் தெரியும், அவ்வளவுதான்.

சனம் அதையும் செமித்துவிட்டது. அன்றைக்குப் படம் அவ்வளவு தெளிவில்லை என்றார் ஒருவர். நடுவிலே ஒரு கணம் இருண்டதுதான், நான் கண்டேன் என்றாள் புதுப் படுக்கை விரிப்பு வாங்கினவள். பழைய பெட்டி, அதுக்கு ஞாபகம் பிசகியிருக்கும் என்றார்கள். தைமாதத்துக்குள் எல்லாரும் ஒரே சொல்லுக்கு வந்துவிட்டார்கள்: காசு முடிந்தது, லைற் நின்றது, பெடியன் சில்லறை மாற்றப் போனான். தவமலர் தன் வீட்டு ரீவியின் கீழிருந்த காசை உரித்து எடுத்தாள். சுவர்ப் பூச்சும் சேர்ந்து வந்து, ஏழு மூலையில் ஒரு வெள்ளைப் புண் நின்றது.

சித்திரையில் பொன்னுத்துரை மாமாவின் பேத்திக்குக் கலியாணம். முந்நூறு பேர் கொள்ளும் மண்டபம், நாதஸ்வரம், மேலே பெரிய திரையில் மாப்பிள்ளையும் பொம்பிளையும். தாலி கட்டி முடிந்ததும் தவமலரைக் கூப்பிட்டார்கள். மஞ்சள் பூசின காசு தட்டத்தில் இருந்தது. ஒரு பெடியன் அவள் கையில் மைக்கைத் தந்து, "அன்ரி, ரெண்டு சொல்லு வாழ்த்திச் சொல்லுங்கோ" என்றான்.

தவமலர் காசைத் தொடவில்லை. மண்டபத்தைப் பார்த்தாள். அதே முகங்கள், நரைத்து, தொங்கி, நல்ல சேலையும் கோட்டுமாக, மேலே திரையின் வெளிச்சம் நீலமாக முகத்தில் ஆட, அவளை அண்ணாந்து பார்த்தபடி.

"அண்டைக்குக் காசு இருந்தது," என்றாள். "அண்ணா சிரிக்கேல்லை. அதாலைதான் எழும்பிப் போனவன்."

இளசுகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பழசுகளைப் பார்த்தார்கள். பழசுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, கொஞ்சம் தாமதித்து, முன்வரிசையில் ஒருவர் சிரித்தார், பக்கத்தில் இருந்தவர் சிரித்தார், அது பகிடி என்று நினைத்து மண்டபம் முழுக்கச் சிரித்தது.

தவமலர் மைக்கைத் தட்டத்தில் வைத்தாள். கதிரையில் கிடந்த கோட்டை எடுத்துத் தோளில் போட்டாள்.

"இரு பிள்ளை, எங்கை போறாய்?" என்று பொன்னுத்துரை மாமா பின்னால் கூப்பிட்டார். "சாப்பாடு இனித்தான் வருது."

அவள் கதவைத் திறந்தாள். பின்னால் ஒருவரும் எழும்பவில்லை.